தியானம் ஓடவில்லை, சும்மா உட்காரத்தான் பிடிக்கிறது: இது பின்னடைவா?

வாசகர் கடிதம் (சுருக்கம்):

"ஃபாதர், எனக்கு 51 வயது. இருபது வருடமாகத் தினமும் செபமாலை சொல்கிறேன். காலையில் நற்செய்தி வாசித்து, அந்தக் காட்சியை மனதில் கொண்டுவந்து தியானிப்பேன். பத்து மாதமாக அது நடக்கவே மாட்டேன் என்கிறது. நற்கருணைப் பேழைக்கு முன் சும்மா உட்கார்ந்திருக்க மட்டும் பிடிக்கிறது. ஆனால் உட்கார்ந்தால் மளிகைக் கணக்கு, மாமியாருடைய மாத்திரை, மகள் கல்யாணம் எல்லாம் ஓடுகின்றன. நேரத்தை வீணாக்குகிறேனோ என்று உறுத்துகிறது. யூடியூபில் ஒரு வார்த்தையை ஆழமான மூச்சோடு சேர்த்துச் சொல்லச் சொன்னார்கள், செய்து பார்த்தேன். அதிகாலை 4.30க்கு உட்கார்ந்தால் பாதி நாள் தூங்கிவிடுகிறேன். ஒரு நாள் விரல்கள் மரத்து, உடம்பு மிதப்பதுபோல் இருந்தது. அது அருளா? 'மனதைக் காலி செய்தால் அசுத்த ஆவி வந்து உட்காரும், இதெல்லாம் யோகா' என்கிறார் எங்கள் செபக்குழு அக்கா. 'நீங்கள் இருண்ட இரவில் இருக்கிறீர்கள்' என்கிறார் ஒரு கன்னியர். நான் என்ன செய்ய?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஐந்தாறு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் 'இருண்ட இரவு' (செபத்தில் சுவையெல்லாம் வற்றிப்போகும் காலத்துக்கு வைத்த பெயர்) என்று ஒரே பெயர் வைத்துவிட்டால், கடவுள் தருவதும் அதற்குள் போய்விடும், தூக்கக் குறைவும் அதற்குள் போய்விடும். பிரித்துப் பார்ப்போம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: தியானம் ஓடவில்லை என்பதை வைத்து மட்டும் யாரும் உங்களைப் பின்வாங்கியவர் என்று சொல்ல முடியாது. நீங்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

புனித சிலுவை அருளப்பர் (1542–1591) உங்களைப் போன்றவர்களுக்காகவே மூன்று அடையாளங்களைக் கொடுத்துப் போயிருக்கிறார். 'கார்மேல் மலையேற்றம்' நூலின் இரண்டாம் பகுதி, 13ஆம் அதிகாரத்தில் அவை இருக்கின்றன. முதலாவது, முன்புபோல் காட்சிகளைக் கற்பனை செய்து யோசித்துத் தியானிக்க முடியவில்லை, முயன்றாலும் அதில் சுவை இல்லை. இரண்டாவது, அந்த வெற்றிடத்தை வேறு எதையாவது கொண்டு நிரப்பிக்கொள்ளவும் ஆசை இல்லை. மூன்றாவது, குறிப்பிட்ட சிந்தனை எதுவும் இல்லாமல், கடவுளை அன்போடு கவனித்தபடி தனியே இருக்கப் பிடிக்கிறது.

மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். முதலாவது மட்டும் இருந்தால், அது சோம்பலாலோ கவனக்குறைவாலோ வந்திருக்கலாம். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லை என்றால், மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம் என்று அவரே எழுதுகிறார். நானூறு ஆண்டுகளுக்கு முன்பே உடல்நலத்தையும் அருளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

உங்களிடம் முதல் அடையாளம் தெளிவாக இருக்கிறது. மூன்றாவதும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பேழைக்கு முன் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். இரண்டாவதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். செபத்தில் சுவை போன இந்தப் பத்து மாதத்தில் செல்போனும் சீரியலும் ஊர்ப்பேச்சும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டனவா? அவற்றில் உண்மையாகவே திருப்தி கிடைக்கிறதா? ஆமாம் என்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மாறாக, அவையும் பிடிக்கவில்லை, கடவுளுக்குச் சரியாகச் செய்யவில்லையோ என்ற கவலையும் விடவில்லை என்றால், அந்தக் கவலையே நல்ல அறிகுறி. 'இருண்ட இரவு' நூலில் இதே அடையாளங்களைத் திரும்பச் சொல்லும்போது அருளப்பர் அந்தக் கவலையையும் சேர்த்துக்கொள்கிறார். கடவுளைப் பற்றி அக்கறை போய்விட்டவருக்கு அப்படி உறுத்தாது.

மளிகைக் கணக்கு ஓடுவது இரண்டாவது அடையாளத்தைக் கெடுத்துவிடாது. ஆழ்ந்த அமைதியிலும் கற்பனை அங்குமிங்கும் அலையும் என்று அருளப்பர் அந்த 13ஆம் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறார். நீங்களாக விரும்பி அதன் பின்னால் போகிறீர்களா என்பதுதான் கேள்வி.

எனவே அந்தக் கன்னியர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அருளப்பர் சொல்லும் இரவுகள் இரண்டு. புலன்களின் இரவு செபத்தில் நிலைத்திருக்கும் பலருக்கும் வருவது, ஆவியின் இரவு மிகச் சிலருக்கே வருவது. உங்களுடையது முதலாவதின் வாசல் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இன்று எந்த நிலையில் இருக்கிறேன் என்று அளந்துகொண்டே இருந்தால் செபம் கடவுளை விட்டு நம்மையே சுற்றத் தொடங்கிவிடும்.

அதற்கு முன் ஒரு வேலை. 51 வயதில் காரணமில்லாத களைப்பும் தூக்கக் கலக்கமும் ரத்தசோகையாலோ தைராய்டாலோ மாதவிடாய் நிற்கும் பருவத்தாலோ வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். செபத்தில் மட்டுமல்லாமல் சாப்பாடு, வீடு, பிள்ளைகள் எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் பிடிப்பில்லாமல் போனால், காரணமில்லாமல் அழுகை வந்தால், வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப்பார்த்தாலும், உடனே மருத்துவரிடம் போங்கள். மருந்து சாப்பிட்டுக்கொண்டே செபிக்கலாம், இரண்டுக்கும் பகை கிடையாது. அதேபோல் மனதில் ஆறாத சண்டையோ, தள்ளிப்போட்டுவரும் பாவசங்கீர்த்தனமோ இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். வறட்சிக்கு மிகச் சாதாரணமான காரணம் அதுதான்.

தியானம் ஏன் நின்றுபோகிறது? அவிலாவின் புனித தெரேசா (1515–1582) தன் வாழ்க்கை வரலாற்றில் 11ஆம் அதிகாரத்தில் தொடங்கி இதைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதாக விளக்குகிறார். தொடக்கத்தில் கிணற்றிலிருந்து வாளியால் இறைக்க வேண்டும். யோசிப்பது, கற்பனை செய்வது, மனதை இழுத்துப் பிடிப்பது எல்லாம் அந்தக் கைவேலை. அடுத்தது சக்கரம் சுழற்றி இறைப்பது, உழைப்பு குறைவு, தண்ணீர் அதிகம். மூன்றாவது ஆற்றுநீர் தானாகப் பாய்வது. நான்காவது மழை, அதில் தோட்டக்காரனுக்கு வேலையே இல்லை.

இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. தண்ணீர் வரத் தொடங்கிய பிறகும் பயத்தால் வாளியை விடாமல் இறைப்பவர்கள் உண்டு. 'ஏதாவது யோசித்தால்தானே செபம்' என்று மூளையைக் கசக்கி, கிடைத்த கொஞ்ச அமைதியையும் கலக்கிவிடுவார்கள். நீங்கள் பத்து மாதமாகச் செய்தது பெரும்பாலும் இதுதான். ஒரு நாள் மழை பெய்ததும் வாளியையே தூக்கி எறிகிறவர்களும் உண்டு. இரண்டாவதும் ஆபத்து. இந்தக் கட்டத்தின் தொடக்கத்தில் தேவைப்படும்போது தியானத்துக்குத் திரும்பத்தான் வேண்டும் என்று அருளப்பர் தனி அதிகாரமே எழுதியிருக்கிறார். ஆகவே நற்செய்தி வாசிப்பை விடாதீர்கள், அளவை மட்டும் குறையுங்கள். செபமாலையையும் விட வேண்டாம். வேறொரு வேளைக்கு மாற்றி, மௌனத்தோடு கலக்காமல் சொல்லுங்கள்.

இனி செய்முறை.

அதிகாலை 4.30 வேண்டாம். இரவு 11 மணிக்குப் படுத்துவிட்டு 4.30க்கு எழுந்தால் உடம்பு தன் கடனைச் செபத்தில்தான் வசூலிக்கும். உங்களால் தினமும் கொடுக்க முடிகிற, வீடு அமைதியாக இருக்கிற ஒரு நேரத்தைப் பாருங்கள். பிள்ளைகளும் கணவரும் கிளம்பிய பிறகு 9.30 மணி என்றால் அதுவே போதும். சாப்பிட்ட உடனே மட்டும் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

நாற்காலியில் உட்காருங்கள். பத்மாசனம் தேவையில்லை. பாதங்கள் முழுதாகத் தரையில் படியட்டும், எட்டாவிட்டால் காலுக்கடியில் ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள். முதுகைச் சாய்க்காமல் நிமிர்த்தி, தோள்களைத் தளர்த்தி, கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தரைதான் வசதி என்றால், மடித்த போர்வையை நாலு விரல் உயரத்துக்குப் போட்டு அதன் விளிம்பில் உட்காருங்கள்; முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து இருந்தால் முதுகு தானாக நிமிரும். செல்போனை ஃபிளைட் மோடில் போட்டு, மெல்லிய ஒலியில் அலாரம் வைத்து, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இடையில் மணி பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். செபத்தில் இருப்பதைவிட மணி அடிப்பதைக் கேட்பதிலேயே குறியாக இருந்ததாகத் தெரேசாவே தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார், அதுவும் சில ஆண்டுகள்.

புனித இஞ்ஞாசியார் தன் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் ஒரு சின்ன வழக்கம் சொல்கிறார், அதைத் தவறவிடாதீர்கள். செபிக்கும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னால், ஒரு 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' சொல்லும் நேரம் நில்லுங்கள். ஆண்டவர் இப்போது என்னைப் பார்க்கிறார் என்று நினையுங்கள். தலை வணங்கிவிட்டு உட்காருங்கள். நீங்கள் உட்காரப் போவது வெறும் அமைதிக்கு முன்பாக இல்லை, ஒருவருக்கு முன்பாக என்பது அந்த அரை நிமிடத்தில் உறுதியாகிவிடும்.

பிறகு நற்செய்தியில் நாலைந்து வசனம் மட்டும், வாய்க்குள் மெதுவாக, இரண்டு முறை வாசியுங்கள். விளக்கம் தேட வேண்டாம். இதற்கு மூன்று நிமிடம். ஏதாவது ஒரு வரி உங்களைப் பேச வைத்தால் பேசுங்கள். பேச்சு தீர்ந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு மௌனத்துக்குப் போங்கள். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம், அடுத்த இரண்டு வாரம் பதினைந்து, பிறகு இருபது. அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். முடிந்ததும் சட்டென்று எழாமல், கர்த்தர் கற்பித்த செபத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடியுங்கள்.

மௌனத்தில் ஒரு சிறிய வார்த்தையை வைத்துக்கொள்ளலாம். இது யூடியூப் காலத்து வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எகிப்தின் பாலைவனத் துறவிகள் 70ஆம் திருப்பாடலின் முதல் வசனத்தை, கடவுளே என் துணைக்கு விரைந்து வாரும் என்று வேண்டும் அந்த வசனத்தை, நாள் முழுதும் திரும்பத் திரும்பச் சொன்னதை யோவான் காசியன் 5ஆம் நூற்றாண்டில் பதிவு செய்தார். திருப்புகழ்மாலை இன்றும் அந்த வசனத்தோடுதான் தொடங்குகிறது. 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய 'அறியாமையின் மேகம்', ஒரே அசையில் ஒரு வார்த்தையைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறது. 'இயேசுவே', 'அப்பா', 'தந்தையே', 'மாரனாத்தா' ('ஆண்டவரே வாரும்' என்ற அரமேயச் சொல்), எது உங்கள் வாயில் இயல்பாக வருகிறதோ அது. 'அப்பா' என்றதும் இறந்துபோன சொந்தத் தகப்பனாரின் நினைவுகள் கிளம்பினால் வேறு வார்த்தை எடுங்கள். ஒருமுறை எடுத்த பிறகு மாற்ற வேண்டாம், குறிப்பாக ஒரே அமர்வில் மாற்றவே வேண்டாம். அந்த வார்த்தையின் பொருளை ஆராயவும் கூடாது.

வீடியோக்களில் நீங்கள் குழம்பியதற்கு ஒரு காரணம் இருக்கலாம். இன்று பரவலாக இருக்கும் முறைகள் இரண்டு. பெனடிக்ட் சபைத் துறவி ஜான் மெய்ன் (1926–1982) கற்பித்த முறையில் 'மாரனாத்தா' என்பதைத் தொடக்கம் முதல் கடைசிவரை விடாமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஸ்பென்சர் மடத்தில் தாமஸ் கீட்டிங் முதலான டிராப்பிஸ்ட் துறவிகள் 1970களில் வகுத்த முறையில், மனம் ஒரு எண்ணத்தில் மாட்டிக்கொண்டதைக் கவனிக்கும்போது மட்டும் வார்த்தைக்குத் திரும்ப வேண்டும், மற்ற நேரம் அதுவும் தேவையில்லை. இரண்டும் நல்லவை. இரண்டையும் கலந்தால்தான் 'இப்போது சொல்லணுமா, விடணுமா' என்ற யோசனையிலேயே இருபது நிமிடமும் போய்விடும். ஏற்கெனவே பேழைக்கு முன் சும்மா இருக்கப் பிடிக்கிற உங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

பராக்குகளுக்கு, அதாவது செபத்தில் மனம் சிதறுவதற்கு, வருவோம். இதில்தான் பெரும்பாலானவர்கள் மனமொடிந்து விட்டுவிடுகிறார்கள். பராக்கு வராமல் இருப்பது உங்கள் பொறுப்பு இல்லை. வந்துவிட்டது என்று தெரிந்த அந்த நொடியில், அதோடு சண்டை போடாமல், உங்களைத் திட்டிக்கொள்ளாமல், ஆண்டவர் பக்கம் திரும்புவது ஒன்றுதான் உங்கள் வேலை. பத்து நிமிடத்தில் ஐம்பது முறை திரும்பினீர்கள் என்றால் ஐம்பது முறை அவரைத் தேர்ந்துகொண்டீர்கள். அந்தச் செபம் வீணாகவில்லை.

ஆனால் பராக்குகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. மளிகையும் மாத்திரையும் மேலோட்டமானவை, கண்டுகொள்ளாமல் விட்டால் கடந்துபோகும். மாத்திரை உண்மையிலேயே மறந்துபோகும் என்றால், உட்காருமுன் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த ரகம் ஆசை காட்டுவது. செபக்குழுவில் பேசுவதற்கு அருமையான கருத்து ஒன்று தோன்றும், அதை விட மனம் வராது. அதையும் விடுங்கள், பக்தியான எண்ணமும் அந்த நேரத்தில் எண்ணம்தான். மூன்றாவது, பழைய காயங்கள். வீடு அமைதியானதும் யாரோ என்றோ சொன்ன கடுஞ்சொல் மேலே வரும், கண்ணீரும் வரலாம். அப்போதைக்கு 'இதுவும் உம் முன்னால்' என்று வைத்துவிட்டுத் திரும்புங்கள், செபம் முடிந்தபின் அதைப் பற்றி ஆண்டவரிடம் தனியாகப் பேசுங்கள். நெஞ்சு படபடத்து, வியர்த்து, பழைய சம்பவம் இப்போதே நடப்பதுபோல் வந்தால் மட்டும் கண்ணைத் திறந்து எழுந்துவிடுங்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்தால் மௌன செபத்தை நிறுத்திவைத்து, ஒரு மனநல ஆலோசகரின் துணையோடு பிறகு தொடரலாம்.

நான்காவதுதான் பிடிவாதமானது: 'இப்போது அமைதியாக இருக்கிறேனா?' என்று நம்மையே வேவு பார்ப்பது. பார்த்த உடனே அமைதி கலைந்துவிடும், உடனே வருத்தம், அந்த வருத்தத்தைப் பற்றி இன்னொரு எண்ணம். அமைதியைத் தேடாமல் ஆண்டவரைத் தேடுவதுதான் இதற்கு மருந்து. அவர் அமைதி தந்தால் நன்றி சொல்லுங்கள், தராவிட்டாலும் உட்கார்ந்திருங்கள்.

'அறியாமையின் மேகம்' 32ஆம் அதிகாரத்தில் இரண்டு உபாயங்கள் இருக்கின்றன. முதலாவது, எண்ணங்களின் தோளுக்கு மேலாக எட்டி, அவற்றுக்கு அப்பால் இருக்கும் கடவுளைப் பார்ப்பதுபோல் இருப்பது. அதுவும் முடியாத நாளில் இரண்டாவது: போரில் தோற்றுப் பிடிபட்டவன்போல், 'ஆண்டவரே, என்னால் முடியவில்லை, உம் கையில் விழுந்துவிட்டேன்' என்று அவற்றின் கீழே தாழ்ந்துபோவது. மகள் கல்யாணக் கவலை போன்ற பெரிய பாரங்களுக்கு இரண்டாவதுதான் உதவும், ஏனென்றால் அதில் நீங்கள் ஜெயிக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

மிகவும் சிதறிய நாளில் மடியில் இருக்கும் புத்தகத்தைத் திறந்து ஒரு வரி வாசித்துவிட்டு மூடுங்கள். நற்கருணை வாங்கிய வேளை தவிர, கையில் புத்தகம் இல்லாமல் செபிக்கத் துணியாத நீண்ட ஆண்டுகள் தெரேசாவுக்கும் இருந்தன. அதை அவர் வெட்கப்படாமல் எழுதியிருக்கிறார்.

தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து, மூன்றடி தள்ளித் தரையில் ஒரு இடத்தைப் பாருங்கள். முகம் கழுவிவிட்டு உட்காருங்கள். அப்படியும் வந்தால் கடைசி ஐந்து நிமிடம் நின்றுகொண்டு செபியுங்கள். ஒரு வாரம் முழுக்கத் தூங்கினீர்கள் என்றால் உங்களுக்கு இரவில் தூக்கம் போதவில்லை. முக்கால் மணி நேரம் முன்னால் படுங்கள்.

விரல் மரத்ததும் மிதப்பதுபோல் இருந்ததும் அருளா என்று கேட்டிருந்தீர்கள். மூச்சை வேண்டுமென்றே ஆழமாகவும் நிறையவும் இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மதமதக்கும், தலை லேசாகும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். மூச்சைத் தொடாதீர்கள், அது தன் போக்கில் வரட்டும். வார்த்தையை மூச்சோடு கட்டவும் வேண்டாம். உட்காராத நேரத்திலும் மரத்துப்போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தெரேசா இந்த விஷயத்தில் எவ்வளவு தெளிவாக இருந்தார் பாருங்கள். அளவுக்கு மீறிய ஒறுத்தலாலும் உபவாசத்தாலும் தளர்ந்த சிலர் அசைவற்றுக் கிடப்பதைப் பரவசம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படி எட்டு மணி நேரம் இருந்த ஒருவரைப் பற்றி 'உள்ளரண்' நூலில் (1577) எழுதுகிறார். அவர் சொன்ன வைத்தியம்: நன்றாகச் சாப்பிடட்டும், தூங்கட்டும், தவமுயற்சிகளைக் குறைக்கட்டும். அதன் பிறகு அந்தப் 'பரவசம்' வரவில்லை. ஒளி, மணம், வெப்பம், மிதப்பு எது வந்தாலும் அதைப் பிடித்துவைக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். வார்த்தைக்குத் திரும்புங்கள். கடவுளிடமிருந்து வந்ததாக இருந்தால் நீங்கள் கவனிக்காததால் அதன் பலன் குறையாது.

அக்கா சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள், அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதே முழுமை, சோதனையை எதிர்க்கவும் தேவையில்லை என்ற திசையில் போன ஸ்பானியக் குரு மிகேல் மோலினோஸின் 68 கூற்றுகளை 1687இல் திருத்தந்தை 11ஆம் இன்னொசெந்து கண்டித்தார். அக்கா மனதில் வைத்திருப்பது மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் அசுத்த ஆவி திரும்பி வந்து குடியேறும் வெறுமையான வீடாக இருக்கும். அந்த வீட்டில் ஆள் இல்லை. நீங்கள் உட்காருவதோ வீட்டுக்காரருக்கு முன்னால். மனதைக் காலி செய்வதை நீங்கள் குறிக்கோளாக வைத்தால் அக்கா சொல்வது நியாயம், ஆண்டவரை அன்போடு கவனிப்பதை வைத்தால் இது திருச்சபையின் செபம். கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2709 முதல் 2719 வரையுள்ள பத்தி எண்களில் இதைத்தான் பேசுகிறது. அந்தப் பத்திகளை அக்காவோடு சேர்ந்து வாசியுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

யோகா பற்றி: வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989 அக்டோபர் 15 அன்று, தெரேசாவின் திருநாளில், கிறிஸ்தவத் தியானம் குறித்து ஒரு மடல் வெளியிட்டது. பிற சமயத்து முறைகளைக் கிறிஸ்தவம் அல்ல என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிட வேண்டாம், ஆனால் கிறிஸ்தவச் செபத்தின் உட்பொருள் மறைந்துவிடக் கூடாது என்கிறது அது. உடற்பயிற்சிகளால் தானாக வரும் அமைதியைத் தூய ஆவியாரின் ஆறுதல் என்று எடுத்துக்கொள்வதையும் கண்டிக்கிறது. நம் ஊரிலேயே குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில் 1950இல் தொடங்கிய சச்சிதானந்த ஆசிரமத்தில் இந்தக் கேள்வியோடு துறவிகள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள். நீங்கள் செய்யப்போவதற்கு அந்த விவாதம் முழுவதும் தேவையில்லை, நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இது வேலை செய்கிறதா என்று செபத்துக்குள் தேடாதீர்கள், வீட்டில் தேடுங்கள். மாமியார் மூன்றாவது தடவை கூப்பிடும்போது உங்கள் குரல் எப்படி இருக்கிறது? செபத்தின் நடுவில் அவர் கூப்பிட்டால் எழுந்து போங்கள், மனதில் உறுத்தல் வேண்டாம். நோயுற்ற சகோதரிக்கு உதவி தேவை என்றால் பக்தி கலைந்துவிடுமே என்று பார்க்காமல் போகச் சொன்னவர் தெரேசாதான். மாத்திரை கொடுத்துவிட்டு வந்து மீதி நிமிடங்களை உட்காருங்கள்.

வறட்சியான நாளில் நேரத்தைக் குறைக்காதீர்கள், முடிந்தால் ஒரு நிமிடம் கூட்டுங்கள். அது இஞ்ஞாசியாரின் விதி. மனம் சோர்ந்திருக்கும் வேளையில் முறையையோ தீர்மானத்தையோ மாற்றாதீர்கள், அதுவும் அவருடையதே. உள்ளூரில் ஒரே ஒரு வழிகாட்டியிடம் மாதம் ஒருமுறை பேசுங்கள், அருள்பணியாளரோ கன்னியரோ யாராக இருந்தாலும் சரி. பக்திமானா படித்தவரா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் படித்தவரைப் பாருங்கள். தெரேசாவின் அனுபவமும் அதுதான், அரைகுறையாகப் படித்த குருக்களால் தனக்கு வந்த தொல்லைகளை அவர் மறைக்கவில்லை.

ஒரு நோட்டு போடுங்கள். தினமும் மூன்று வரி போதும்: எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன், தூங்கினேனா, எந்த ரகப் பராக்கு அதிகம். எப்படி உணர்ந்தேன் என்று எழுத வேண்டாம். ஆறு வாரம் கழித்து அதை உங்கள் வழிகாட்டியிடம் காட்டுங்கள். எனக்கும் எழுதுங்கள், ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதையும் சேர்த்து.